செயற்கைக் காலுக்கு யாரிடம் அளவு கொடுப்பது? சேலத்தில் இருக்கும் நான்கு வழிகள்

சேலத்தில் ஒருவருக்குக் கால் எடுத்தால், தையல் பிரிப்பதற்கு முன்பே வீட்டார் கையில் இரண்டு மூன்று விசிட்டிங் கார்டு சேர்ந்துவிடும். வார்டில் யாரோ கொடுத்தது ஒன்று, மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது ஒன்று, பக்கத்துக் கட்டில்காரரின் மைத்துனர் எழுதிக் கொடுத்த நம்பர் ஒன்று. கார்டில் கால் படம் இருக்கும், ஜெர்மன் தொழில்நுட்பம் என்று இருக்கும், ஈஎம்ஐ வசதி உண்டு என்றும் இருக்கும். அந்த ஆள் இந்த வேலையைச் செய்யச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. கேட்க வேண்டும் என்று நமக்கும் தோன்றுவதில்லை.

எங்கள் பெரிய மாமாவுக்குச் சர்க்கரையால் வலது கால் முட்டிக்குக் கீழே போனது. அவர் இருப்பது ஏற்காட்டில், நாகலூர் பக்கம். காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர். அவருக்காக விசாரித்து அலைந்ததில், சேலத்துக்காரர்களுக்கு நடைமுறையில் நான்கு வழி இருப்பது தெரிந்தது. டவுனிலேயே பதிவு பெற்ற நிபுணர் நடத்தும் தனியார் கிளினிக். பதிவு இல்லாத, ஆனால் பல வருஷக் கைப்பழக்கம் உள்ள ஆள். மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், இலவச முகாம். கடைசியாக, ரயிலேறி வேலூருக்கோ சென்னைக்கோ போவது. எது நல்லது என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. ஆனால் எதை வைத்து ஒப்பிட வேண்டும் என்பதில் எனக்கு ஓரளவு தெளிவு வந்திருக்கிறது.

முதலில் சட்டம். செயற்கைக் கால், கை, கேலிப்பர் (பலவீனமான காலைத் தாங்க மாட்டும் பட்டைச் சட்டம்), முதுகு பெல்ட் இவற்றை ஆளுக்கேற்ப அளவெடுத்துப் பொருத்துவது இந்தியாவில் பதிவு தேவைப்படும் தொழில். 1992ஆம் ஆண்டு இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம் இதற்குத்தான் வந்தது. பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புப் பள்ளி ஆசிரியர் உட்பட 16 வகைப் பணியாளர்கள் அதில் வருகிறார்கள், கால் பொருத்துபவரும் அதில் ஒருவர். அங்கீகரித்த படிப்பு முடித்து, மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்க வேண்டும். முழுப் படிப்பு என்பது நாலரை வருஷ இளங்கலை. அதில் ஆறு மாதம் பயிற்சிக் காலம். பதிவேட்டில் பெயர் இல்லாதவர் நாட்டில் எங்கும் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது என்கிறது 13ஆவது பிரிவு. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆயிரம் ரூபாய்தான். 1992இல் அது ஒரு தொகையாக இருந்திருக்கலாம். இன்றைக்கு ஸ்டம்புக்கு, அதாவது கால் எடுத்த பிறகு மிஞ்சும் பகுதிக்கு, மாட்டும் ஒரு ஜோடி சாக்ஸுக்கும் ஆட்டோவுக்கும் சரியாகப் போகும். கவுன்சில் இருப்பது டெல்லியில். செவ்வாய்ப்பேட்டை சந்துக்குள் யார் யாருக்கு மாவுக்கட்டு போட்டு அளவெடுக்கிறார்கள் என்று அங்கிருந்து ஒருவர் வந்து பார்க்கப் போவதில்லை. ஆக, சட்டம் கடுமையாக எழுதப்பட்டிருக்கிறது, காவல் மட்டும் லேசாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், வசதியான நாடுகள் சிலவற்றில் காகிதத்தில்கூட இவ்வளவு இல்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. பல மாநிலங்களில் உரிமம் கட்டாயமில்லை, தொழில் அமைப்பின் சான்றிதழை வைத்துத்தான் ஓடுகிறது. ஆஸ்திரேலியாவிலும் அரசுப் பதிவு கிடையாது, சங்கமே தன் உறுப்பினர்களைப் பார்த்துக்கொள்கிறது. மாறாக இங்கிலாந்தில் இந்தத் தொழிலின் பட்டப்பெயரையே பதிவில்லாதவர் போட்டுக்கொள்ள முடியாது.

பதிவு எண் வைத்திருப்பவரிடம் கேட்டால் காட்டுவார். கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டும் பார்க்கலாம். சுவரில் மாட்டியிருக்கும் ஐஎஸ்ஓ சான்றிதழை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. ஆனால் அந்த அனுமதி, சான்றிதழ் எல்லாம் முட்டி ஜாயிண்டுக்கும் பாதத்துக்கும் அதைத் தயாரித்த கம்பெனிக்கும் உரியவை. அதை உங்கள் உடம்பில் பொருத்துகிற ஆளுக்கு அது எந்தத் தகுதியும் தராது.

இனி அந்த ஆள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது. மாமாவை முதலில் ஒரு இடத்துக்குக் கூட்டிப்போனோம். இஞ்ச் டேப் வைத்து நாலு இடத்தில் சுற்றளவு எடுத்தார், போனில் இரண்டு படம் பிடித்துக்கொண்டார், "பத்து நாள்ல கால் ரெடி, அட்வான்ஸ் பாதி" என்றார். இரண்டாவதாகப் போன கிளினிக்கில் ஒரு பெண். பதிவு பெற்றவர். வந்ததும் காலைத் தொடவே இல்லை. சுகர் எவ்வளவு, இன்னொரு காலில் மரத்துப்போகிறதா, வீட்டு வாசலில் எத்தனை படி, கக்கூஸ் எந்த மாதிரி என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் ஸ்டம்புக்கு மெல்லிய உறை மாட்டி, ஈரம் பட்டால் ஊதாவாகிற பென்சிலால் அதன் மேல் கோடு போட ஆரம்பித்தார். முட்டிச் சிப்பிக்குக் கீழே இருக்கும் தசைநார், முன்னெலும்பின் விளிம்பு, வெளிப்பக்கம் துருத்தும் சின்ன எலும்பின் தலை, வெட்டிய எலும்பின் முனை. பிறகு மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி, இறுகுவதற்குள் இரண்டு கட்டைவிரலாலும் தசைநாரின் இருபுறமும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கட்டைக் கழற்றியதும் உள்ளே அந்த ஊதாக் கோடுகள் அப்படியே ஒட்டியிருந்தன.

அந்தக் கூட்டுக்குள் மாவு ஊற்றி, ஸ்டம்பின் அச்சு ஒன்று எடுப்பார்கள். வேலையின் உயிரே அதை அரத்தால் தேய்க்கிற இடத்தில்தான் இருக்கிறது. எடையைத் தாங்கக்கூடிய இடத்தில், அதாவது முட்டிக்குக் கீழே இருக்கும் தசைநாரில், மாவைக் குறைப்பார்கள், சாக்கெட் (ஸ்டம்ப் உள்ளே போய் உட்காரும் கூடு) அங்கே அழுத்தும். தாங்காத இடத்தில், எலும்பின் தலையிலும் முனையிலும், மாவை ஏற்றுவார்கள், சாக்கெட் அங்கே விலகி நிற்கும். எங்கே எத்தனை மில்லிமீட்டர் என்பது எந்த மெஷினும் தானாகச் சொல்லாது. இதில் பிசகினால் சாதாரண ஆளுக்கு வலிக்கும், அவர் சத்தம் போடுவார். சுகர்க்காரருக்கு உணர்ச்சி குறைவு. வலிக்காது, சத்தம் போட மாட்டார், சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போது ரத்தம் இருக்கும். அந்தப் புண் ஆறாவிட்டால் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டி வரும். முட்டி போனால் நடைக்கு ஆகும் உழைப்பே வேறு கணக்கு.

இதை மனதில் வைத்து நான்கையும் பார்ப்போம்.

பதிவு இல்லாத அனுபவசாலி பற்றி நான் ஏளனமாகப் பேச மாட்டேன். ஜெய்ப்பூர் காலைச் செதுக்கியவர் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞர். பெரிய படிப்பெல்லாம் இல்லாதவர். 1960களின் கடைசியில் ஜெய்ப்பூர் அரசு மருத்துவமனையில் அவர் ரப்பரை வைத்துச் செய்த பாதம், வெறுங்காலோடு நடக்கிற, குத்துக்காலிட்டு உட்காருகிற நம் ஊர் மனிதனுக்கு ஏற்றதாக இருந்தது. பட்டம் பெற்ற யாருக்கும் அது முன்பு தோன்றவில்லை. ஆனால் அந்தக் கதையில் பாதியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். சர்மாவுக்குப் பக்கத்தில் டாக்டர் பி.கே. சேத்தி என்ற எலும்பு அறுவை நிபுணர் இருந்தார், நோயாளிகள் அங்கேயே நடந்து பார்த்தார்கள், தப்பு உடனே கண்ணில் பட்டது. நம் ஊரில் தனியாகக் கடை போட்டிருக்கும் கைப்பழக்கக்காரருக்கு அந்த இரண்டாவது ஜோடிக் கண் இல்லை. பல வருஷமாகப் போலியோ கேலிப்பர் அடித்துத் தந்த கை, தோல்வார் தைப்பதிலும் இரும்புப் பட்டை வளைப்பதிலும் சுத்தமாக இருக்கும். பழைய கேலிப்பரில் பூட்டு தேய்ந்துவிட்டது, வார் அறுந்துவிட்டது, பூட்ஸ் மாற்ற வேண்டும் என்றால் அவரிடமே போங்கள், விலையும் குறைவு, மதியத்துக்குள் கையில் தந்துவிடுவார். முதல் முறை சாக்கெட் எடுக்க, அதுவும் சுகர்க்காரருக்கு, நான் அனுப்ப மாட்டேன்.

இதைவிட மோசமான ஒரு வகை உண்டு. பலகையில் பதிவு பெற்றவரின் பெயரும் எண்ணும் இருக்கும், அவர் மாதத்தில் ஒரு நாள் எட்டிப் பார்ப்பார், மாவுக்கட்டு போடுவது முதல் நடக்க வைப்பது வரை வேறு ஆள். கைப்பழக்கக்காரராவது தான் யார் என்பதை மறைப்பதில்லை. அதனால் "பதிவு எண் இருக்கிறதா?" என்பதோடு நிறுத்தாமல், "அளவு எடுக்கப்போவது நீங்கள்தானா?" என்றும் கேட்க வேண்டும்.

டவுனில் இருக்கும் பதிவு பெற்ற கிளினிக்கின் பெரிய பலம் பட்டம்கூட இல்லை, பக்கத்தில் இருப்பது. கால் எடுத்த முதல் வருஷத்தில் ஸ்டம்ப் சுருங்கிக்கொண்டே போகும். இன்றைக்குக் கச்சிதமாக இருக்கும் சாக்கெட் சில மாதத்தில் தொளதொளவென்று ஆகும். முதலில் சாக்ஸ் கூட்டிச் சமாளிக்கலாம், அப்புறம் உள்ளே பட்டை ஒட்டலாம், பிறகு சாக்கெட்டையே மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் அதே ஆளிடம் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். அஸ்தம்பட்டியில் பஸ் இறங்கி ஆட்டோ பிடிக்கிற தூரம் என்றால் போவோம். ராத்திரி ரயில் என்றால் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்போம், புண் அதற்குள் வந்துவிடும். பலவீனம் விலைதான். நடக்கக் கற்றுத் தருவது, முதல் வருஷச் சரிசெய்தல் எல்லாம் சேர்த்தா, தனியா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கார்பன் பாதம், ஸ்டம்ப் மேல் மாட்டும் வெளிநாட்டு உறையான லைனர் என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். முதல் காலுக்கு அதெல்லாம் வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். எப்படியும் மாறப்போகிற சாக்கெட் அது.

இலவச வழிக்கு வருவோம். சேலம் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகச் செயற்கைக் கால், கேலிப்பர் கிடைக்கும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில் மாத வருமானம் 22,500 ரூபாய் வரை முழுச் செலவும் அரசுடையது, 30,000 வரை பாதி. 40 சதவீத ஊனச் சான்று வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி இருந்தால் அலைச்சல் குறையும். கான்பூரில் 1972இல் நிறுவப்பட்ட அலிம்கோ என்ற பொதுத்துறை நிறுவனத்தின் பொருட்கள்தான் இதில் பெரும்பாலும் வரும். பொருளில் குறை சொல்ல முடியாது. சிக்கல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு முகாமில் அளவெடுப்பார்கள், இன்னொரு முகாமில் கொடுப்பார்கள், நடுவில் மாதங்கள் ஓடும். புது ஸ்டம்ப் அதற்குள் சுருங்கிவிடும். பொருந்தாத காலைப் பரணில் போட்டுவிட்டு ஊன்றுகோலிலேயே நடப்பவர்களை மலையிலும் பார்க்கலாம், ஆத்தூர் பக்கமும் பார்க்கலாம். பெரியவர்களுக்கு ஒரு முறை வாங்கினால் மூன்று வருஷம் கழித்துத்தான் அடுத்தது. ஆகவே முதல் காலுக்கு முகாமை நம்பி உட்காருவதைவிட, ஸ்டம்ப் ஒரு நிலைக்கு வந்த பிறகு, இரண்டாவது காலுக்கு அந்த உரிமையைப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். பணமே இல்லை என்றால் பேச்சு வேறு. அப்போது அளவெடுத்தவரின் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏன் என்றால், காசு வாங்காமல் செய்கிற சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. தனியார் கிளினிக் கால் சரியில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இலவசக் காலுக்கு அந்தக் கதவு சாத்தியிருக்கிறது. ஆனால் மறுவாழ்வு கவுன்சிலின் நடத்தை விதி, காசு கொடுத்தவருக்கா கொடுக்காதவருக்கா என்று பார்ப்பதில்லை. தொழில் முறைகேடு உறுதியானால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க அதற்கு அதிகாரம் உண்டு. பெயர் நீங்கினால் சம்பளம் போகும், கையெழுத்துப் போடும் உரிமை போகும். ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பயப்படாதவரும் இதற்குப் பயப்படுவார். பதிவே இல்லாதவரிடம் நீக்குவதற்கு ஒன்றும் இல்லை என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும். பதிவு எண் நல்ல வேலைக்கு உத்தரவாதம் என்று நான் சொல்லவில்லை. வேலை கெட்டால் பிடிப்பதற்கு ஒரு பிடி இருக்கிறது, அவ்வளவுதான். ஏழைக்கு இருக்கும் ஒரே பிடியும் அதுதான் என்பதால் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

வேலூர், சென்னை. சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. வேலூர் சிஎம்சியின் மறுவாழ்வுப் பிரிவு பாகாயத்தில். காட்பாடிக்குச் சேலத்திலிருந்து ரயிலுக்குப் பஞ்சமில்லை. பாகாயத்தின் கதை தனியாக எழுத வேண்டியது. 1954இல் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1966இல் தொடங்கி வைத்த இடம் அது. அதே வேலூரில்தான் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் வரும் புண் நோயால் அழுகி வருவது இல்லை, உணர்ச்சியற்ற இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் வருவது என்று காட்டினார். இன்றைக்குச் சுகர்க்காரர்கள் போடும் மெத்தென்ற ரப்பர் செருப்பான எம்சிஆர் செருப்புக்கு அந்த வேலைதான் பின்புலம். இப்படிப்பட்ட இடத்தில் டாக்டர், பிசியோ, கால் செய்பவர் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ். பதிவு இருக்கிறதா என்று துருவ வேண்டிய அவசியமே குறைவு. முட்டிக்கு மேலே போனவர், இரண்டு காலும் போனவர், ஸ்டம்பில் தோல் ஒட்டுப் போட்டவர், ஏற்கெனவே ஒரு கால் பொருந்தாமல் புண்ணானவர் இவர்களெல்லாம் டவுனில் சோதனை செய்யாமல் நேராக அங்கே போய்விடுவது நல்லது. அங்கேயே சில வாரம் தங்கி நடந்து பழகிவிட்டு வர வேண்டும், அளவு கொடுத்துவிட்டு ஓடி வந்தால் முகாமுக்குப் போனதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

மலைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் சங்கதி. நான்கு வழியிலும் கால் சமதளத்தில், கம்பிகளுக்கு நடுவே நடக்க வைத்துத்தான் சரிபார்க்கப்படுகிறது. ஏற்காட்டில் சமதளம் என்பது ஏரிக்கரையும் பஸ் ஸ்டாண்டும்தான். கணுக்கால் அசையாத சாதாரண ரப்பர் பாதம் மேட்டில் ஏறும்போது முன்பக்கம் முட்டும், இறக்கத்தில் முட்டியை முன்னால் தள்ளும். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாமா தெளிவாகச் சொன்னார்: "நான் மிளகு பறிக்க ஏணி ஏறப்போறதில்ல. காபிக் களத்துக்கும் கக்கூஸுக்கும் யார் தோளையும் பிடிக்காம போய் வந்தாப் போதும்." அந்தப் பெண் அவரைக் கிளினிக்கின் வீல்சேர் சரிவில் மூன்று நான்கு முறை ஏறி இறங்க வைத்து, பாதத்தின் கோணத்தைச் சாவியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். எந்தச் செருப்பைத் தினமும் போடுவீர்கள், அதைக் கொண்டு வாருங்கள் என்றார். குதி உயரம் மாறினால் மொத்தச் சாய்மானமும் மாறிவிடும். உங்களைப் பார்ப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

முட்டி பெல்ட், கழுத்து காலர், இடுப்பு பெல்ட் மாதிரி ரெடிமேட் சாமான்களுக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். டாக்டர் எழுதித் தந்த சைஸைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். குழந்தைகள் விஷயம் அப்படியல்ல. பிறவியிலேயே பாதம் உள்பக்கம் திரும்பிய குழந்தைக்கு மாவுக்கட்டு முடிந்ததும் இரண்டு பூட்ஸையும் கம்பியால் இணைத்த பிரேஸ் போடுவார்கள். முதல் மூன்று மாதம் நாளெல்லாம், அதற்கப்புறம் நாலைந்து வயது வரை தூங்கும்போது. அளவு தப்பினால் குழந்தை காலை உருவிக்கொள்ளும், பெற்றோர் பாவம் பார்த்துக் கழற்றிவிடுவார்கள், பாதம் பழையபடி திரும்பிவிடும். முதுகு வளைவுக்கான பிரேஸும் இப்படித்தான், வளர வளர மாற்ற வேண்டியது. இதையெல்லாம் ஆன்லைனில் வாங்குவது பணத்தை மட்டும் அல்ல, திரும்பக் கிடைக்காத வயதையும் வீணாக்குவது. மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் காட்டிவிட்டு, அவர்கள் சொல்கிற வழியில் போங்கள். குழந்தைகள் விஷயத்தில் முகாமுக்காகக் காத்திருக்கவே கூடாது.

எந்த வழியில் போனாலும் முதல் சில வாரம் தினமும் காலைக் கழற்றிப் பாருங்கள். ஸ்டம்பில் சிவந்த தடம் கால் மணி நேரத்தில் மறைந்துவிட்டால் சரி, மறையாவிட்டால் அந்தக் காலை மாட்டாமல் அப்படியே எடுத்துக்கொண்டு செய்தவரிடம் போக வேண்டும். காசு கொடுத்துச் செய்வதாக இருந்தால் பில்லில் பொருளின் பெயர், அளவெடுத்தவர் பெயர், அவருடைய பதிவு எண் மூன்றையும் எழுதச் சொல்லி வாங்குங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருஷம் கெடு, ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்த பொருளுக்கும் சேவைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.